காசில்லாமல் உலகம் நடந்த இருவர்



நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்து போனவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். பஸ் ஓடாத நாளில் நடந்திருப்பீர்கள். அமரவிளை தாண்டி, உதியன்குளங்கரை தாண்டி, பாறசாலை தாண்டி, இஞ்சிவிளையும் தாண்டினால் களியக்காவிளை. பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேரும்போது கால் வலிக்கும். ஒரு சாயா குடித்தால் போதும் என்று தோன்றும்.

களியக்காவிளையில் ஒரு மாநிலம் முடிகிறது. இன்னொரு மாநிலம் தொடங்குகிறது. ஆனால் அங்கே யாரும் நம்மிடம் பாஸ்போர்ட் கேட்பதில்லை. இந்தப் பக்கமும் தமிழ், மலையாளம். அந்தப் பக்கமும் தமிழ், மலையாளம். அக்கரையில் பெண் எடுப்போம். இக்கரையில் பெண் கொடுப்போம்.

இரண்டு இளைஞர்கள் இதைப்போல 900 மடங்குக்கும் மேல் தூரம் நடந்தார்கள். சுமார் 8,000 மைல். கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 13,000. பல நாட்டு எல்லைகளைத் தாண்டினார்கள். கையில் ஒரு பைசா கிடையாது. அவர்களுக்கு வழியில் வந்த கஷ்டங்களும், எதிர்பாராமல் கிடைத்த உதவிகளும்தான் இன்றைய பேச்சு.

ஒருவர் பெயர் சதீஷ் குமார். 1936ஆம் ஆண்டு ராஜஸ்தானில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே சமண சமயத் துறவி ஆனவர். பதினெட்டு வயதில் துறவை விட்டுவிட்டு வெளியே வந்தார். காந்தியின் எழுத்தைப் படித்ததுதான் காரணம். பிறகு வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் சேர்ந்தார். நிலம் உள்ளவர்களிடம் நிலம் கேட்டு வாங்கி, நிலம் இல்லாதவர்களுக்குக் கொடுத்த இயக்கம் அது. இன்னொருவர் ஈ. பி. மேனோன். நம் நாட்டு மலையாளி. இருவரும் நண்பர்கள்.

ஏன் கிளம்பினார்கள்?

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஜப்பான் நாட்டின் ஹிரோஷிமா நகரத்தின் மேல் அமெரிக்கா அணுகுண்டு போட்டது. ஒரே ஒரு குண்டு. ஒரு நகரமே எரிந்து போயிற்று. மூன்று நாள் கழித்து நாகசாகி நகரத்தின் மேல் இன்னொரு குண்டு. அதைப் பார்த்த பிறகு உலகம் திருந்தியதா? இல்லை. ருஷ்யா அணுகுண்டு செய்தது. இங்கிலாந்து செய்தது. 1960இல் பிரான்ஸும் வெடித்துப் பார்த்தது. ஆக நான்கு நாடுகள்.

இங்கிலாந்தில் பெர்ட்ரண்ட் ரஸல் என்று ஒரு பெரிய அறிஞர் இருந்தார். அணுகுண்டு வேண்டாம் என்று 1961இல் தெருவில் இறங்கினார். அவரைச் சிறையில் போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 89.

சதீஷ் குமாரும் மேனோனும் பெங்களூரில் ஒரு காபிக் கடையில் இருந்தபோது இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தார்கள். 89 வயதுக் கிழவர் ஜெயிலுக்குப் போகிறார், நாம் இங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறோமே என்று அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. நான்கு நாடுகளின் தலைநகரங்களுக்கும் நடந்தே போவது என்று முடிவு செய்தார்கள். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன்.

பத்திரிகையில் ஒரு செய்தி படித்தார்கள், 8,000 மைல் நடந்துவிட்டார்கள். பத்திரிகை படிப்பது இவ்வளவு ஆபத்தான காரியம்!

பெரியவர் சொன்ன புத்தி

இருவரும் வினோபாவிடம் ஆசி கேட்டார்கள். அவர் ஆசி கொடுத்தார். கூடவே இரண்டு நிபந்தனையும் கொடுத்தார். ஒன்று, கையில் காசு கொண்டுபோகக் கூடாது. இரண்டு, எங்கேயும் இறைச்சி சாப்பிடக் கூடாது.

கேட்கும்போது கொடுமையாக இருக்கிறது அல்லவா? ஊர் தெரியாது, மொழி தெரியாது, காசும் கூடாது என்றால் எப்படி?

வினோபா சொன்ன காரணம் இது. காசு இருந்தால் சாயங்காலம் களைத்துப் போய் ஒரு ஊரில் நுழைவீர்கள். நேரே ஹோட்டலுக்குப் போவீர்கள். சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, காலையில் கிளம்பிவிடுவீர்கள். அந்த ஊரில் ஒரு மனிதரையும் தெரிந்திருக்காது. காசு இல்லாவிட்டால் ஒரு வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். கதவைத் திறப்பவரோடு பேசித்தான் ஆகவேண்டும். சாப்பாடு போடும்போது, இறைச்சி வேண்டாம் என்று சொல்வீர்கள். ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். உயிரைக் கொல்லக் கூடாது என்பீர்கள். அங்கிருந்து அணுகுண்டுப் பேச்சு தானாக வந்துவிடும்.

வினோபாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஊர் ஊராக நடந்தே நிலம் கேட்டவர். நடக்கிறவனுக்குச் சோறு எங்கே கிடைக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நம் பக்கத்திலும் சபரிமலைக்கு நடப்பவர்கள் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் உண்டு. வழியில் முன்பின் தெரியாதவர்கள் கஞ்சி கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், திண்ணையில் படுக்க இடம் கொடுப்பார்கள். ஆனால் அது நம் ஊர். சாமியின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். இவர்கள் போனதோ முன்பின் அறியாத தேசம்.

1962ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து கிளம்பினார்கள். வடநாட்டில் ஜூன் மாத வெயில் எப்படிக் கொளுத்தும் என்பதைப் பட்டாளத்தில் இருந்த அண்ணன்மார் சொல்வார்கள்.

எல்லையில் ஒரு சோற்றுப் பொட்டலம்

முதல் எல்லை பாகிஸ்தான். 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்து பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. பிரிவினையில் இரண்டு பக்கமும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். வீடு இழந்தவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. அந்தப் புண் ஆறவில்லை. காஷ்மீருக்காக ஒரு போரும் நடந்திருந்தது.

வழியனுப்ப நண்பர்கள் எல்லை வரை வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். எதிரி நாட்டுக்குள் காசும் இல்லாமல், சோறும் இல்லாமல் போகிறீர்களே, இதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நம் வீட்டுப் பெண்களும் அதைத்தான் செய்வார்கள். பிள்ளை ரயில் ஏறும்போது வாழையிலையில் சோறு கட்டிக் கொடுக்காத தாய் உண்டா?

சதீஷ் குமார் வாங்கவில்லை. பாகிஸ்தானில் சோறு கிடைக்காது என்று நினைத்து இதைக் கொண்டுபோனால், இது சோற்றுப் பொட்டலம் இல்லை, சந்தேகப் பொட்டலம் என்று சொல்லிவிட்டார். இனிமேல் உங்களைப் பார்ப்பேனோ இல்லையோ என்று அந்தப் பெண் அழுதார்.

இந்த இடத்தில் சதீஷ் குமார் செய்தது சரிதானா என்று கேட்டால், பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அன்போடு கொடுத்த சோற்றை வேண்டாம் என்று சொல்லலாமா? அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பசித்தால் தெரியும் என்று நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் நடந்தது என்ன? இருவரும் எல்லையைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் ஒருவர் எதிரே வந்தார். அமைதிக்காக நடந்து வருகிற இரண்டு இந்தியர்கள் நீங்கள்தானா என்று கேட்டார். இவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்நிய நாட்டில் கால் வைத்து நேரம் அதிகம் ஆகவில்லை. அதற்குள் ஒருவர் அடையாளம் கண்டு கேட்கிறாரே! அவர் இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, தேடி வந்திருந்தார். லாகூரில் தம் வீட்டில் வந்து தங்க வேண்டும் என்றார். காரில் ஏறுங்கள் என்றார்.

இவர்கள் காரில் ஏறவில்லை. நடப்பதாகத்தான் சபதம். லாகூர் 16 மைல். அவரும் விடவில்லை. லாகூரில் ஷாலிமார் தோட்டம் என்று முகலாயர் காலத்துத் தோட்டம் உண்டு. அதன் வாசலில் சாயங்காலம் காத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனார். சொன்னபடி காத்திருந்தார். அன்று இரவு பாகிஸ்தானில் இரண்டு இந்தியர்களுக்கு வயிறு நிறையச் சோறும், படுக்க இடமும் கிடைத்தன.

சதீஷ் குமார் பிற்காலத்தில் மேடைகளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தியனாக வந்திருந்தால் பாகிஸ்தானியைப் பார்த்திருப்போம், இந்துவாக வந்திருந்தால் முஸ்லிமைப் பார்த்திருப்போம், மனிதனாக வந்ததால் மனிதனைப் பார்த்தோம் என்பது அவர் சொல்லும் கருத்து.

மலையும் பாலைவனமும்

பாகிஸ்தானின் எல்லையில் கைபர் கணவாய். இரண்டு பக்கமும் மொட்டை மலை, நடுவே பாதை. அந்தக் காலத்தில் படைகள் வந்த வழி அது. இவர்கள் அதில் எதிர்த் திசையில் போனார்கள். பிறகு ஆப்கானிஸ்தான். பிறகு ஈரான். மலை, பாலைவனம், குளிர்.

எல்லா நாளும் ஷாலிமார் தோட்டத்து நாள் ஆகிவிடுமா? வீடு கிடைக்காத ராத்திரி உண்டு. உணவு கிடைக்காத நாள் உண்டு. உணவு கிடைக்காவிட்டால் இன்று விரதம் என்று நினைத்துக்கொள்வோம், இடம் கிடைக்காவிட்டால் நட்சத்திரம் எண்ணிப் படுப்போம் என்று சதீஷ் குமார் சொல்வார். பணக்காரர்களுக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டல், எங்களுக்குப் பத்து லட்சம் நட்சத்திர ஹோட்டல் என்று வேடிக்கையாகச் சொல்வார். இப்போது வேடிக்கையாகச் சொல்லலாம். அன்று வயிறு சிரித்திருக்காது.

இவர்கள் நடந்துகொண்டிருந்த அந்த 1962 அக்டோபரில் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. ஒன்று, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. இன்னொன்று, கியூபா தீவில் ருஷ்யா ஏவுகணை வைத்ததால் அமெரிக்காவும் ருஷ்யாவும் மோதும் நிலை வந்தது. அணுகுண்டுப் போர் வந்துவிடும் என்று உலகமே நடுங்கியது. எந்தக் குண்டு வேண்டாம் என்று சொல்ல இவர்கள் நடந்தார்களோ, அந்தக் குண்டு இவர்கள் போய்ச் சேரும் முன்பே வெடித்திருக்கும். நல்ல வேளை, இரண்டு நாடுகளும் கடைசி நேரத்தில் பேசி ஒதுங்கிக்கொண்டன.

நான்கு பொட்டலம் சாயாப் பொடி

ஈரானிலிருந்து அன்றைய சோவியத் நாட்டுக்குள் நுழைந்தார்கள். அதில் ஜார்ஜியா என்று ஒரு பகுதி. 1991இல் இருந்து அது தனி நாடு. கருங்கடல் ஓரத்தில் இருக்கிறது. நம் மூணாறு, வால்பாறை போல அங்கேயும் தேயிலைத் தோட்டம் உண்டு.

மொழி தெரியாத ஊரில் எப்படிப் பேசுவது? இவர்கள் ஒரு வழி செய்திருந்தார்கள். தாங்கள் யார், எதற்காக நடக்கிறோம் என்பதை அந்தந்த நாட்டு மொழியில் ஒரு காகிதத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். வாயால் சொல்ல முடியாததைக் காகிதம் சொல்லும்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வேலை செய்கிற பெண்கள். இவர்கள் காகிதத்தை நீட்டினார்கள். பெண்கள் அதை வாசித்தார்கள். இந்தியாவிலிருந்தா, நடந்தா, காசில்லாமலா என்று வியந்து போனார்கள். உள்ளே கூட்டிப் போய்த் தேநீர் கொடுத்தார்கள். சாப்பாடும் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாமல் இருந்திருந்தால், இந்தக் கதையே கிடையாது.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணுக்கு என்னவோ தோன்றியது. எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் நான்கு பொட்டலம் தேயிலை. இது உங்களுக்கு இல்லை என்றார். ஒன்று மாஸ்கோவில் உள்ள தலைவருக்கு. ஒன்று பாரிஸில் உள்ளவருக்கு. ஒன்று லண்டனில் உள்ளவருக்கு. ஒன்று வாஷிங்டனில் உள்ளவருக்கு. அணுகுண்டுப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால், ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தத் தேயிலையில் ஒரு தேநீர் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். குடிக்கும்போது யோசித்துப் பார்ப்பார்கள். குண்டு போட்டால் எதிரி மட்டுமா சாவான்? பால் குடிக்கிற குழந்தையும் சாகும், தேயிலை கிள்ளுகிற பெண்ணும் சாவாள். இதுதான் அவர் சொல்லி அனுப்பிய செய்தி.

எத்தனையோ புத்தகம் எழுதிய ரஸலுக்குக்கூட இப்படி ஒரு யோசனை வரவில்லை. ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு வந்தது. அன்று முதல் இருவரும் தேயிலை சுமக்கும் தூதர்கள் ஆனார்கள். பனியில் நடந்து மாஸ்கோ சேர்ந்தார்கள். முதல் பொட்டலத்தை அங்கே ஒப்படைத்தார்கள்.

பாரிஸில் சிறை

போலந்து, ஜெர்மனி வழியாகப் பிரான்ஸின் தலைநகரம் பாரிஸுக்கு வந்தார்கள். ஜனாதிபதியின் மாளிகை முன்னால் போய் நின்றார்கள். அங்கே யாரும் சாயா போடவில்லை. போலீஸ் பிடித்தது. மூன்று நாள் சிறை. பிறகு நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள்.

எப்படியும் அடுத்து லண்டனுக்குத்தான் போகவேண்டும். போகச் சொன்னதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை! ஆனால் பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடல். கடலில் நடக்க முடியுமா? படகில்தான் தாண்டினார்கள்.

இங்கிலாந்தில் அவர்கள் பார்க்க ஏங்கிய மனிதர் இருந்தார். ரஸல்தான். அப்போது அவருக்கு 91 வயது. வேல்ஸ் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். காபிக் கடையில் பத்திரிகையில் படித்த மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

இன்னும் ஒரு பெரிய கடல் பாக்கி இருந்தது. அட்லாண்டிக் பெருங்கடல். கப்பல் டிக்கெட் என்ன விலை! ரஸலின் உதவியால் டிக்கெட் கிடைத்தது. குவீன் மேரி என்ற பெரிய கப்பல். செல்வந்தர்கள் போகிற கப்பலில் காசில்லாத இரண்டு பேர் நியூயார்க் போனார்கள்.

இன்னொரு ஜார்ஜியா

அமெரிக்காவிலும் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. ஒரே பெயர், வேறு இடம். அந்த ஜார்ஜியாவில் சோறும் தேயிலையும் கிடைத்தன. இந்த ஜார்ஜியாவில் துப்பாக்கி கிடைத்தது.

அன்று அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளைக்காரர்கள் போகிற கடைக்குள் கறுப்பு மக்கள் போகக் கூடாது. சதீஷ் குமார் அப்படி ஒரு கடைக்குள் போய்விட்டார். நிறத்தைப் பார்த்து வெளியே போகச் சொன்னார்கள். கடைக்காரர் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். கைபர் கணவாயில் வராத ஆபத்து, நாகரிக நாடு என்று பெயர் எடுத்த இடத்தில் வந்தது.

இதை நம் ஊரில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெங்ஙானூர் நமக்குப் பக்கம்தான். பொது வழியில் நடக்கக் கூடாது என்று சொன்ன காலத்தில், 1893இல் அய்யன்காளி வில்வண்டி பூட்டி அந்த வழியிலேயே ஓட்டியது அங்கேதான்.

அதே ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரத்தில் மார்ட்டின் லூதர் கிங் இருந்தார். காந்தி வழியில் கறுப்பு மக்களின் உரிமைக்காகப் போராடியவர். இருவரும் அவரையும் சந்தித்தார்கள். அந்த ஆண்டே, 1964 ஜூலையில், கடைகளில் நிறம் பார்த்து மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது.

வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடியைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். அது நடக்கவில்லை. 1963 நவம்பர் 22ஆம் தேதி கென்னடியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். காந்தியின் சமாதியில் தொடங்கிய நடை, 1964 ஜனவரியில் கென்னடியின் கல்லறையில் முடிந்தது. இரண்டு பேரும் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். பிறகு இருவரும் ஜப்பானுக்குப் போய், டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரையும் நடந்தார்கள்.

இவர்கள் நடந்ததால் அணுகுண்டு ஒழிந்ததா? இல்லை. 1964 அக்டோபரில் சீனா வெடித்தது. 1974இல் நம் நாடும் வெடித்தது. 1998இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே மாதத்தில் வெடித்தன. சதீஷ் குமார் இங்கிலாந்தில் தங்கி, 1973 முதல் நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பத்திரிகை படித்துக் கிளம்பியவர் பத்திரிகை நடத்துபவர் ஆனார்.

சைக்கிளில் போனவர்

காசில்லாத பயணம் என்றால் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஒடிசாவில் பிறந்தவர். பெயர் பி. கே. மகாநந்தியா. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட நெசவாளர் குடும்பம். டெல்லியில் படம் வரையப் படித்தார். தெருவில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒருவரின் முகத்தை வரைந்து கொடுப்பார். கூலி பத்து ரூபாய். 1975இல் லோட்டா என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண் படம் வரைய வந்தார். இருவருக்கும் பிடித்துப் போயிற்று. அவர்கள் வழக்கப்படி கல்யாணமும் நடந்தது. லோட்டா ஊர் திரும்பினார். விமானத்துக்குக் காசு இல்லாத மாப்பிள்ளை, 1977 ஜனவரியில் பழைய சைக்கிள் ஒன்றில் கிளம்பினார்.

ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று மிதித்தார். வழியில் படம் வரைந்து கொடுத்தார். சிலர் காசு கொடுத்தார்கள். சிலர் சோறு போட்டார்கள். சிலர் படுக்க இடம் கொடுத்தார்கள். கடைசித் தூரத்தை ரயிலில் போனார். மே மாதம் ஸ்வீடன் சேர்ந்தார். அங்கே எல்லையில் அதிகாரிகள் நம்பவில்லை. கல்யாணப் படத்தைக் காட்டினார். லோட்டாவுக்கு ஆள் போனது. அவர் வந்து அழைத்துப் போனார்.

இருவரும் அங்கேயே குடும்பம் நடத்தினார்கள்.

அன்று அந்த வழியில் எத்தனையோ வெளிநாட்டு இளைஞர்கள் முதுகில் பையோடு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பல நாடுகளில் விசா கேட்கவில்லை. 1979இல் ஈரானில் ஆட்சி மாறியது. அதே ஆண்டு கடைசியில் ஆப்கானிஸ்தானில் ருஷ்யப் படை நுழைந்தது. அந்த வழி அடைபட்டது. இன்று அதே பாதையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வீட்டார் வேலைக்கே விடமாட்டார்கள், கட்டிப் போட்டுவிடுவார்கள்.

காசில்லாமல் போகலாம், காகிதம் இல்லாமல்?

இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே கையை வீசிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அந்த மூவரிடமும் காசு இல்லாமல் இருந்திருக்கலாம். காகிதம் இருந்தது. ஒருவரிடம் கல்யாணப் படம் இருந்தது. இருவரிடம் அச்சடித்த தாள் இருந்தது. எல்லையில் காட்டப் பாஸ்போர்ட் இருந்தது.

நம் பஞ்சாயத்துகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். வேலை என்று சொல்லி, வெறும் சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்டுத் தவித்த பிள்ளைகளும் உண்டு. விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்வது வேறு, காகிதத்தில் உள்ளது வேறாக இருக்கலாம்.

இன்னொன்று. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. அதை முதலாளி வாங்கிப் பூட்டி வைக்க உரிமை இல்லை. தொலைந்துவிட்டால் அந்த நாட்டுப் போலீஸில் சொல்லிவிட்டு, இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஊர் திரும்புவதற்கு மட்டும் அவசரச் சான்றிதழ் ஒன்று அங்கே கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனால் பாதி அலைச்சல் மிச்சம். வெளிநாட்டில் வேலை செய்யும் கேரளத்தவருக்காக மாநில அரசின் நோர்க்கா துறை 1996 முதல் இருக்கிறது. போகும் முன்பே அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.

சாயாக்கடைக்காரரும் மனைவியும்

கடைசியாக, தூர தேசத்துக்குப் போக இளைஞராக இருக்க வேண்டியதில்லை என்று காட்டிய ஒரு தம்பதி. எர்ணாகுளத்தில் ஒரு சிறிய சாயாக்கடை. பெயர் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ். நடத்தியவர்கள் விஜயனும் அவர் மனைவி மோகனாவும். கடையில் அதிகம் ஆள் வைக்கவில்லை. இருவருமே சமைத்தார்கள், பரிமாறினார்கள், பாத்திரம் கழுவினார்கள்.

ஒவ்வொரு நாளும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். அது போதாது. மீதிக்கு வங்கியில் கடன் வாங்குவார்கள். ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வந்து, சாயா விற்றுக் கடனை அடைப்பார்கள். கடன் அடைந்ததும் அடுத்த நாடு. கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறோம், கடன் வாங்கி வீடு கட்டுகிறோம். கடன் வாங்கி ஊர் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. உறவுக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

2007இல் முதல் வெளிநாட்டுப் பயணம். இவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதைத் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா பார்த்தார். 2019இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போக அவர் உதவினார். 

பிறகு கொரோனா வந்தது. எல்லா நாடும் கதவை மூடின. கதவு திறந்ததும் 2021 அக்டோபரில் இருவரும் ருஷ்யாவுக்குக் கிளம்பினார்கள். அது அவர்களுடைய 26ஆவது நாடு. மாஸ்கோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி கடையைத் திறந்தார்கள். சில வாரங்களில், நவம்பர் மாதம், விஜயன் காலமானார்.